கம்பெனிக்கு வாய் கிடையாது

ரெங்கம்,
16 ஜனவரி 2025

அன்புத் தம்பி மனோகரனுக்கு,

அக்கா சந்திரமதி எழுதுவது. இங்கே நானும் லாரியும் கூடாரங்களும் நாற்காலிகளும் சுகம். உன் இடுப்பு வலி எப்படி இருக்கிறது? ஜெயிலுக்கு நேரில் வந்தால் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து அழுவதிலேயே நேரம் போய்விடுகிறது. எழுதினால் அழுதது போக நாலு விஷயமும் சொல்லலாம்.

பொங்கலுக்கு மறுநாள் கோர்ட்டிலிருந்து சம்மன் வந்தது. பயப்படாதே, எனக்கு இல்லை, கம்பெனிக்கு. டிசம்பரில் சிம்பாங் ரெங்கத்தில் ஒரு கல்யாண வீட்டுக்குக் கூடாரம் போட்டோம். பெண்ணின் அப்பா பெயர் காளியப்பன். மாப்பிள்ளை வந்து இறங்கிய நேரம் பார்த்துப் பெருங்காற்று அடித்து, வாசல் கூடாரம் சரிந்து, அதன் இரும்புக் கால் காளியப்பன் அண்ணன் தோளில் விழுந்து எலும்பு முறிந்துவிட்டது. நம் ஆள் ரபீக் கயிற்றைச் சரியாகக் கட்டவில்லை என்று கேஸ்.

நான் மறுநாளே ஆரஞ்சும் மைலோ டின்னும் வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போய், "எங்க தப்புதாண்ணே, மனசுல வெச்சுக்காதீங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன். நம் வீட்டுப் பழக்கம் அதுதானே? யார் விழுந்தாலும் முதலில் மன்னிப்பு, பிறகுதான் விசாரணை. அவருடைய வக்கீல் அதையே பிடித்துக்கொண்டு, 'தப்பை ஒப்புக்கொண்டுவிட்டார்கள்' என்று எழுதியிருக்கிறார். கேட்கிற நஷ்டஈட்டைக் கொடுத்தால் லாரியை விற்றுக் கம்பெனியை மூட வேண்டியதுதான்.

நானே கோர்ட்டில் போய்ப் பேசலாம் என்றிருக்கிறேன். நான் ஒருத்திதான் டைரக்டர், நான் ஒருத்திதான் கிளார்க். என்னைவிட வக்கீலுக்கு என்ன தெரிந்துவிடும்?

ஐயாசாமி அண்ணன் நினைவு நாளுக்கு வழக்கம்போல் போய் வாசலில் நின்று கும்பிட்டுவிட்டு வந்தேன். செல்லம் அக்கா இந்த வருஷமும் கதவைத் திறக்கவில்லை. புருஷனை இழந்தவர், திறக்காததிலும் நியாயம் இருக்கிறது.

வேளைக்குச் சாப்பிடு. முருகன் துணை.

அக்கா சந்திரமதி

*

9 பிப்ரவரி 2025

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி வணங்கி எழுதுவது. இடுப்பு வலி சிமெண்டுத் தரைக்குப் பழகிவிட்டது. உங்கள் கடிதம் தாமதமாகத்தான் கைக்கு வந்தது. தமிழ்க் கடிதங்களைப் படித்துப் பார்க்கிற அதிகாரி விடுமுறையில் போயிருந்தார். திரும்பி வந்ததும், "ஒங்க அக்கா எழுத்து நல்லா இருக்கு லா" என்றார். பார்த்து எழுதுங்கள், உங்களுக்கு வாசகர் கூடிவிட்டார்.

ஐயாசாமி அண்ணன் வீட்டுக்குப் போனதற்கு நன்றி. தூங்காமல் லாரி ஓட்டி ஸ்டியரிங்கில் கண் அயர்ந்தவன் நான். வேலை முடிந்து மோட்டார் சைக்கிளில் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தவர் அவர். அவரை நினைக்காமல் நான் படுப்பதில்லை. என் கேஸில் எனக்காக வருத்தம் தெரிவித்தது என் வக்கீல்தான், மலாயில், மிக அழகாக. செல்லம் அக்கா முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். நான் வாயே திறக்கவில்லை.

கேஸ் விஷயத்தை என் அறையில் இருக்கும் நஜ்முதீன் பாயிடம் சொன்னேன். வெளியே சாப்பாட்டுக் கடை வைத்திருந்தவர். அவர் கடை மேல் ஒரு வேலையாள் தொழிலாளர் கோர்ட்டில் புகார் கொடுத்தபோது, வக்கீல் இல்லாமல் அவரே போய்ப் பேசி ஜெயித்தாராம். "மொதலாளிதான் கம்பெனி. ஒங்கக்காவ தைரியமா போய்ப் பேசச் சொல்லு தம்பி. கம்பெனி சாப் மட்டும் மறக்காம கொண்டு போகச் சொல்லு" என்கிறார். ஆகவே முத்திரையைக் கைப்பையில் போட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. ஆகஸ்டில் என் பாரோல் மனுவைப் பார்ப்பார்கள். வெளியே வந்தால் எங்கே வேலை என்று கேட்டார்கள். நம் கம்பெனியில் கூடாரம் கட்டுவேன், லாரி ஓட்ட மாட்டேன் என்று சொல்லியிருக்கிறேன். கம்பெனி இருந்தால்தான் வேலைக் கடிதம் கிடைக்கும். இதற்காக நீங்கள் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

தம்பி மனோகரன்

*

ரெங்கம்,
28 பிப்ரவரி 2025

அன்புத் தம்பிக்கு,

நீ சுகமாக இருக்க வேண்டும். உன் நஜ்முதீன் பாயும் சுகமாக இருக்கட்டும், நான் நேரில் வந்து அவரை நாலு வார்த்தை கேட்க வேண்டியிருக்கிறது.

நீலப் பட்டுச் சேலை கட்டிக்கொண்டு, முத்திரையும் கையுமாகக் கோர்ட்டுக்குப் போனேன். கம்பெனிப் பெயரைக் கூப்பிட்டார்கள். எழுந்து நின்று, "நான்தான்" என்றேன். மாஜிஸ்திரேட் ஓர் இளம் மலாய்க்காரப் பெண். மரியாதையாகத்தான் பேசினார். அவர் சொன்னதை மொழிபெயர்ப்பாளர் தமிழில் சொன்னார்:

"அம்மா, கம்பெனிக்கு வக்கீல் எங்க?"

"வக்கீல் வேணாங்க. நான்தான் கம்பெனி."

"நீங்க டைரக்டர். கம்பெனி வேற ஆளு. அது சார்பா வக்கீல்தான் பேசணும். இங்க அதான் சட்டம்."

"ஏங்க, அந்த வேற ஆளுக்கு நான்தானே சோறு போடுறேன்!"

பின்னால் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். முத்திரையை எடுத்துக் காட்டினேன், இன்னும் சிரித்தார்கள். தொழிலாளர் கோர்ட்டில் முதலாளியே பேசலாமாம், பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் வக்கீலையே உள்ளே விடமாட்டார்களாம். ஆனால் இந்த மாதிரிக் கேஸில் தனியார் கம்பெனியாக, சென்டிரியான் பெர்ஹாட் என்று பதிந்துவிட்டால் அது தனி ஆள். ஆள்தான், ஆனால் வாய் கிடையாது. வக்கீலைக் கொண்டுவர ஒரு மாதம் கொடுத்தார்கள். வெறும் 'சந்திரமதி கூடாரம்' என்று இருந்தவளை, "சென்டிரியான் பெர்ஹாட் போட்டாத்தான் பள்ளிக்கூட ஆர்டர் கெடைக்கும், மரியாதையா இருக்கும்" என்று மாற்றச் சொன்னது யார்? நீதான். மரியாதை நன்றாகக் கிடைத்தது.

வெளியே வந்து ஒரு பெஞ்சில் உட்கார்ந்து அழுதேன். இங்கே வக்கீல் பிடிப்பதற்கு எனக்கு யாரைத் தெரியும்? அப்போது ஒரு வக்கீல் பெண் வந்து பக்கத்தில் உட்கார்ந்தது. வேறு கேஸுக்கு வந்ததாம், பெர்மாஸ் ஜெயாவில் ஆபீஸ். "ஆண்ட்டி, சம்மனைக் குடுங்க பாப்போம்" என்றது. கேஸை எடுத்துக்கொண்டுவிட்டது.

கடவுள் ஏதோ ஒரு ரூபத்தில் வருவார் என்பார்கள். இந்தத் தடவை கறுப்புக் கோட்டில் வந்தார்.

உன் அக்கா

*

23 மார்ச் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

நலம், உங்கள் நலம் அறியக் காத்திருக்கிறேன். நஜ்முதீன் பாய் தலைகுனிந்து மன்னிப்புக் கேட்கச் சொன்னார். இருந்தாலும் "கோர்ட்டுக்குக் கோர்ட்டு வித்தியாசம் இருக்கும்னு யாருக்குத் தெரியும்" என்று முணுமுணுத்துக்கொண்டே இருக்கிறார். கடிதத்தைப் படித்த அதிகாரியும் சிரித்தார். முத்திரை விஷயத்தில் எனக்குச் சிரிப்பு வரவில்லை அக்கா. உங்களைப் பார்த்து நாலு பேர் சிரித்தது என்னால்தான்.

அந்த வக்கீலம்மாவுக்கு ஒரு நன்றிக் கடிதம் எழுத வேண்டும். முன்பின் தெரியாதவர்களுக்கு இப்படி யார் செய்வார்கள்? அவர் பெயரும் ஆபீஸ் விலாசமும் எழுதுங்கள்.

தம்பி மனோகரன்

*

ரெங்கம்,
10 ஏப்ரல் 2025

அன்புத் தம்பிக்கு,

இங்கே எல்லோரும் நலம். ரபீக்குக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது. அல்ஃபியா என்று பெயர் வைத்திருக்கிறான். உனக்குச் சொல்லச் சொன்னான்.

வக்கீலம்மா என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்து நடந்ததைச் சொல்லச் சொன்னது. நான் ஆரம்பித்தேன். "நாங்க தப்பு பண்ணிட்டோம்னு போய்ப் பார்த்தேன்..." என்றதும் கையை உயர்த்தியது.

"ஆண்ட்டி, நீங்க வருத்தப்பட்டீங்களா, இல்ல தப்பு பண்ணீங்களா?"

"ரெண்டும் ஒண்ணுதானேம்மா?"

"இல்ல. ரெண்டும் வேற. கயித்தைக் கட்டினப்ப நீங்க பாத்தீங்களா?"

பார்த்தேன். ஒவ்வொரு முடிச்சையும் இழுத்துப் பார்த்தேன். ரபீக் போட்ட முடிச்சில் யானையையே கட்டலாம். அப்படியானால் எப்படி அவிழ்ந்தது என்று நான் ஒரு நாளும் கேட்கவில்லை பார்த்தாயா? அடிபட்டவரைப் பார்த்ததும் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்துவிட்டேன். அன்றைக்கு அந்த மாஜிஸ்திரேட் என்னைப் பேச விட்டிருந்தால், அங்கேயும் கைகூப்பி, "எங்க தப்புதாங்க" என்றுதான் சொல்லியிருப்பேன். கம்பெனி அன்றைக்கே முடிந்திருக்கும். அவமானம் என்று அழுதேனே, அந்த அம்மா என் வாயை அடைத்து நம் குடும்பத்தைக் காப்பாற்றியிருக்கிறார்கள். அவர்களுக்கு நன்றி சொல்லத்தான் எனக்கு வழி தெரியவில்லை.

இப்போது கல்யாண வீடியோவைத் தேடி எடுத்து, பாட்டு, சடங்கு, சாப்பாடு என்று ஒன்று விடாமல் வக்கீலம்மா பார்த்துக்கொண்டிருக்கிறது.

பெயர் என்ன பெயர், நல்ல பெயர்தான். நன்றியை நான் சொல்லிவிட்டேன். உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா

*

4 மே 2025

அக்காவுக்கு,

நலம். பெயரைக் கேட்டால் 'நல்ல பெயர்' என்று எழுதுகிறீர்கள். ஃபீஸ் எவ்வளவு என்பதையும் எழுதவில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது. வீட்டுப் பத்திரத்தை, அந்த கிராண்டை, எங்கேயாவது அடகு வைத்துவிட்டீர்களா? முன்பின் தெரியாத வக்கீல் சும்மா வருவாரா? ஆழம் தெரியாமல் காலை விடாதீர்கள். அம்மா விட்டுப்போன வீட்டை விற்றுத்தான் எனக்கு வேலைக் கடிதம் வர வேண்டும் என்றால், நான் தண்டனையை முழுசாக இங்கேயே முடித்துவிட்டு வருகிறேன்.

உடனே பதில் எழுதுங்கள்.

மனோகரன்

*

22 ஜூன் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

உங்களிடமிருந்து கடிதம் இல்லை. தமிழ் அதிகாரி விடுமுறையிலும் இல்லை. அவரே என்னிடம் வந்து, "என்னப்பா, அக்கா கோவமா?" என்று கேட்டார். போன கடிதத்தில் கடுமையாக எழுதிவிட்டேன். மன்னித்துவிடுங்கள். பெயர் வேண்டாம், ஒன்றும் வேண்டாம். சுகமாக இருக்கிறீர்கள் என்று ஒரு வரி போதும்.

உங்கள் தம்பி

*

ரெங்கம்,
19 ஜூலை 2025

அன்புத் தம்பிக்கு,

சுகமாக இருக்கிறேன். கிராண்ட் அலமாரியில் அம்மாவின் சேலைக்கு அடியில் பத்திரமாக இருக்கிறது. கோபமும் இல்லை. எழுத உட்கார்ந்தால் எழுதக்கூடாத ஒன்றையும் எழுதிவிடுவேன் என்று பயந்துதான் இத்தனை நாள் பேனாவைத் தொடவில்லை.

கேஸ் முடிந்தது. ஜெயித்துவிட்டோம்!

வக்கீலம்மா பார்த்துக் கண்டுபிடித்தது இதுதான். மாப்பிள்ளை கார் பெரிய கார். பூ அலங்காரத்தோடு கேட்டுக்குள் நுழைய முடியாமல் நம் கூடாரக் கயிறு குறுக்கே இருந்திருக்கிறது. காளியப்பன் அண்ணனே பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, "டேய், அந்தக் கயித்த அவுருங்கடா, ஒரு நிமிஷம்தான்!" என்று கத்துகிறார். நாதஸ்வரத்தையும் மீறிக் கேட்கிறது. கார் உள்ளே வருகிறது, எல்லோரும் ஆரத்தி பார்க்கப் போய்விடுகிறார்கள். கயிறு அப்படியே கிடக்கிறது. பிறகு காற்று.

விசாரணை அன்று அதைப் போட்டுக் காட்டினார்கள். அவருடைய வக்கீலே அதை முழுசாகப் பார்த்ததில்லை போலிருக்கிறது. கொஞ்ச நேரம் கேட்டு வெளியே போய்ப் பேசிவிட்டு வந்து, வழக்கை வாபஸ் வாங்குவதாகச் சொல்லிவிட்டார். நான் அன்று முழுவதும் கோர்ட்டில் ஒரு வார்த்தை பேசவில்லை. என் வாழ்நாளில் நான் அவ்வளவு நேரம் சும்மா இருந்தது அதுதான் முதல் தடவை.

வெளியே காளியப்பன் அண்ணன் தயங்கித் தயங்கி வந்தார். "தங்கச்சி, சத்தியமா ஞாபகமே இல்லம்மா. கல்யாண டென்ஷன்" என்றார். பிறகு, "அந்த ஆரஞ்சு நல்லா இனிப்பா இருந்துச்சு" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சின்ன மகள் கல்யாணத்துக்கும் நம் கூடாரம்தானாம். கயிற்றைத் தொடக்கூடாது என்று சொல்லியிருக்கிறேன்.

உன் வேலைக் கடிதம் இத்துடன் இருக்கிறது. கம்பெனித் தாளில், கம்பெனி முத்திரையோடு. அந்த முத்திரைக்கு ஒருவழியாக வேலை வந்தது.

வக்கீலம்மாவைப் பற்றி நீ வெளியே வந்ததும் சொல்கிறேன்.

அக்கா

*

17 ஆகஸ்ட் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். பாரோல் கிடைத்துவிட்டது. உங்கள் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டுதான் கேள்வி கேட்டார்கள். அடுத்த மாதக் கடைசி வெள்ளிக்கிழமை வெளியே வருகிறேன். நஜ்முதீன் பாய் என்னைக் கட்டிப்பிடித்து அழுதார். எல்லாம் நீங்கள் போட்ட பிச்சை.

அக்கா, நான் இங்கே சும்மா இருக்கும்போது யோசித்துப் பார்த்தேன். ஒரு பெயரை எழுத உங்களுக்கு இவ்வளவு பயம் என்றால், அது எனக்கு அந்நியமான பெயராக இருக்க முடியாது. என் தீர்ப்பு நாளில் செல்லம் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு பெண் உட்கார்ந்திருந்தது. ஐயாசாமி அண்ணனின் மகள், சட்டப் படிப்பு முடிக்கப்போகிறது என்று யாரோ சொன்னார்கள்.

நான் நினைப்பது தப்பாக இருந்தால் தப்பு என்று எழுதுங்கள்.

மனோகரன்

*

ரெங்கம்,
30 ஆகஸ்ட் 2025

என் தம்பிக்கு,

தப்பு இல்லை. லோஷினிதான்.

அன்று பெஞ்சில் பக்கத்தில் வந்து உட்கார்ந்ததும் எனக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. எழுந்து ஓடிவிடலாமா என்று பார்த்தேன். அது என் கையைப் பிடித்துக்கொண்டது.

"ஏம்மா, ஒங்களுக்கு நாங்க செஞ்சதுக்கு, நீ போய் எங்களுக்கு..." என்றேன். 

"ஆண்ட்டி, அப்பா எறந்த அன்னிக்கு எங்க வீட்டுல கூடாரம் போடக்கூட ஆள் இல்ல. மழை. நீங்களே லோரியில ஏறி வந்து போட்டீங்க. போட்டு முடிச்சு, அத்தன சொந்தக்காரங்க முன்னாடி நின்னு, 'என் தம்பிதான் அடிச்சான், எங்க தப்பு'ன்னு சொன்னீங்க. எங்க மாமா உங்க மேல நாற்காலிய வீசினாரு. அப்பவும் நீங்க போகல. தேத்தண்ணி கிளாஸ்லாம் கழுவி வெச்சிட்டுத்தான் போனீங்க."

அதை நான் உன்னிடம் சொன்னதில்லை. உன் வக்கீல் அந்த வீட்டுப் பக்கமே போகக்கூடாது, ஒன்றும் பேசக்கூடாது என்று கண்டித்துச் சொல்லியிருந்தார். போகாமல் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

லோஷினி சொன்னது: "இப்ப நானும் வக்கீல். தப்ப ஒத்துக்காதீங்கன்னு தினமும் எல்லாருக்கும் சொல்றேன். அதான் என் வேலை. ஆனா எங்க வீட்டுக்கு நீங்க வக்கீல் இல்லாம வந்தீங்க ஆண்ட்டி. கோர்ட்டுக்கு அப்படி வர முடியாது. அதுக்கு நான் வரேன்."

ஃபீஸ் உண்டு. மற்றவர்களுக்கு எவ்வளவோ அவ்வளவு, மாதாமாதம் கட்டுகிறேன். "சும்மா செஞ்சா அது வேற மாதிரி ஆயிடும்" என்றது. எனக்கும் அதுதான் சரி என்று பட்டது.

பெயரை உனக்கு எழுத வேண்டாம் என்றதும் அதுதான். தன் அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை, சொன்ன பிறகு எழுதுங்கள் என்றது. போன வாரம் சொல்லிவிட்டதாம். செல்லம் அக்கா அன்றைக்கு முழுவதும் சாப்பிடவில்லையாம். மறுநாள் காலையில்தான் வாய் திறந்தாராம்: "அவன் வெளிய வந்தா வரட்டும். வாசல் வரைக்கும் வரட்டும். அப்புறம் பாக்கலாம்."

அவ்வளவுதான் தம்பி. இதற்கு மேல் கேட்க நமக்கு என்ன உரிமை இருக்கிறது? இதுவே பெரிய கருணை. நான் சாமி அறையில் உட்கார்ந்து, நன்றி நன்றி என்று சொல்லிக்கொண்டே இருந்தேன்.

உன் அக்கா சந்திரமதி

*

14 செப்டம்பர் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். சுகமாக இருக்கிறேன். உங்கள் கடிதத்தைத் தமிழ் அதிகாரி நேரில் கொண்டுவந்து கொடுத்தார். இந்தத் தடவை ஒன்றும் கேலி பேசவில்லை. என் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

வெள்ளிக்கிழமை காலையில் வந்துவிடுங்கள். வெளியே வந்த முதல் நாள் வீட்டிலேயே இருக்க வேண்டும் என்று விதி. பாரோல் அதிகாரியிடம் கேட்டு, வழியில் ஒரு வீட்டில் நிற்க அனுமதி வாங்கிவிட்டேன். யார் வீடு என்று கேட்டார், சொன்னேன். "லாயர் கூட வராரா?" என்று கேட்டார். இல்லை என்றேன்.

வரும்போது ஆரஞ்சு வாங்கி வாருங்கள். வாங்குவதை மட்டும் செய்யுங்கள் அக்கா, அங்கே எனக்காக ஒரு வார்த்தையும் பேசாதீர்கள். கேட்டுக்கு வெளியே லாரியிலேயே இருங்கள். என்ன சொல்ல வேண்டும் என்று இங்கே தினமும் சொல்லிப் பார்க்கிறேன், ஒவ்வொரு நாளும் குறைந்துகொண்டே வருகிறது. இப்போது இரண்டு வார்த்தைதான் மிச்சம் இருக்கிறது. அதை நானே சொல்கிறேன்.

தம்பி மனோகரன்